உங்களுக்குத் தெரியுமா? – பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கும் ஜாதகம் உண்டு!

புதுக் கார் ஷோரூம் வாசலைத் தாண்டியதுமே அதன் விலை இறங்கத் தொடங்கிவிடும். பெயர்பெற்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் கதை நேர்மாறு. வயது ஏற ஏற விலையும் ஏறும். அப்படி ஒன்றைத் தேடிப்பிடித்து, ஆணி ஆணியாகக் கழற்றி, டிங்கரிங் பார்த்து, பெயின்ட் அடித்துப் பளபளவென்று நிறுத்திவிடலாம். அது அசல்தான் என்று வாங்குபவரையும், இன்ன விலை பெறும் என்று இன்ஷூரன்ஸ் கம்பெனியையும் நம்பவைப்பது பளபளப்பு அல்ல. கூடவே வரும் காகிதக் கட்டு!

● 'மிஸ்டர் பீன்' ரோவன் அட்கின்சன் 1997-ல் 5,40,000 பவுண்டுக்கு ஒரு மெக்லாரன் எஃப்1 கார் வாங்கினார். 2011-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்ஷயர் பகுதியில் அது மரத்தில் மோதி நொறுங்கியது. ரிப்பேருக்காக இன்ஷூரன்ஸ் கம்பெனி கொடுத்த தொகை சுமார் 9,10,000 பவுண்டு. காரை வாங்கிய விலையைவிட ரிப்பேர் செலவு அதிகம்! ஆனாலும் கம்பெனி கணக்குத் தெரியாமல் கொடுக்கவில்லை. அதற்குள் காரின் சந்தை மதிப்பு அதையெல்லாம் தாண்டி எங்கோ போயிருந்தது. 2015-ல் அதே கார் 80 லட்சம் பவுண்டுக்குக் கைமாறியது.

● கிளாசிக் கார் இன்ஷூரன்ஸில் 'மதிப்பு' என்றால் மூன்று விதம். சந்தை மதிப்பு என்றால், விபத்து நடந்த அன்று கார் என்ன விலை போகுமோ அது. அமெரிக்காவில் 'ஸ்டேட்டட் வேல்யூ' என்று ஒன்று உண்டு. நீங்கள் சொல்லும் தொகையைப் பாலிசியில் எழுதிக்கொள்வார்கள். கிளெய்ம் வரும்போது அந்தத் தொகை, அன்றைய மதிப்பு இரண்டில் எது குறைவோ அதைத்தான் தருவார்கள். மூன்றாவது 'அக்ரீட் வேல்யூ'. இரு தரப்பும் முன்கூட்டியே பேசி முடித்த தொகை, டோட்டல் லாஸ் ஆனால் தேய்மானம் கழிக்காமல் கைக்கு வரும். ரெஸ்டோர் செய்த காருக்கு இதுதான் பொருந்தும். இரண்டாவதும் மூன்றாவதும் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கும். பாலிசியைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவர்கள் ஏமாறும் இடம் அதுதான்.

● பழைய கார் இன்ஷூரன்ஸில் இன்று உலகப் பெயர் பெற்ற ஹேகர்ட்டி கம்பெனி காரில் ஆரம்பிக்கவில்லை. 1984-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், பழைய மரப் படகுகளுக்குச் சரியான இன்ஷூரன்ஸ் இல்லையே என்று ஒரு குடும்பம் தொடங்கிய தொழில் அது. கார்கள் பிறகுதான் வந்தன.

● இந்தியாவில் சாதாரணக் காரின் ஐடிவி, அதாவது பாலிசியில் குறிக்கும் காப்பீட்டு மதிப்பு, கம்பெனி விலையிலிருந்து ஆண்டுக்கு ஆண்டு தேய்மானம் கழித்துப் போடப்படும். ஐந்து வருடம் தாண்டினால் அந்த அட்டவணை முடிந்துவிடும். அதன் பிறகு பேசித் தீர்மானிக்க வேண்டியதுதான். 2002-ம் ஆண்டின் இந்திய மோட்டார் டாரிஃப், அக்ரீட் வேல்யூ பாலிசியை விண்டேஜ் கார்களுக்கு மட்டுமே அனுமதித்தது. அதன்படி விண்டேஜ் என்றால், 1940 டிசம்பர் 31-க்கு முன் தயாரான, கார் சங்கத்தின் சான்று பெற்ற வண்டி. 1960-களின் ஸ்போர்ட்ஸ் கார் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தக் கணக்கில் சேராது!

● 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 வயது தாண்டிய கார், பைக்குகளை விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். நம்பர் பிளேட்டில் மாநில எழுத்தை அடுத்து 'வி.ஏ.' என்று வரும். புதுப் பதிவுக்குக் கட்டணம் ரூ.20,000, மறுபதிவுக்கு ரூ.5,000, பதிவு 10 ஆண்டு செல்லும். தினசரி ஓட்டவும் வாடகைக்கு விடவும் முடியாது. கண்காட்சி, விண்டேஜ் ராலி, பெட்ரோல் போடுவது, ரிப்பேர் போன்றவற்றுக்கு எடுக்கலாம். கவனிக்க வேண்டிய நிபந்தனை ஒன்று: சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. ரெஸ்டோர் செய்கிறேன் என்று வேறு எஞ்சினைத் தூக்கி வைத்தவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள்.

● 17 எழுத்து-எண் கொண்ட அடையாள எண் அமெரிக்காவில் 1981 மாடலிலிருந்துதான் கட்டாயமானது. அதற்கு முந்தைய கார்களில் ஒவ்வொரு கம்பெனியும் தன் போக்கில் நம்பர் போட்டது. ஆகவே பாலிசியில் எழுதும்போது ஒரே எழுத்து பிசகினாலும் அது வேறு காரின் பாலிசியாகிவிடும். தகட்டில் உள்ளதை அப்படியே போட்டோ எடுத்து, அதைப் பார்த்து எழுதுவதே நல்லது.

● 'மேட்சிங் நம்பர்' என்றால், தொழிற்சாலையிலிருந்து வந்த அதே எஞ்சின் இன்னும் அதே காரில் இருப்பது. அதற்கு விலை அதிகம் என்பதால், வேறு எஞ்சினில் பழைய நம்பரை அடித்துவிடும் தில்லுமுல்லும் உண்டு. ஷெவர்லே கார்வெட் போன்ற வண்டிகளில் இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. நம்பர் பொறிக்கும் சிறு தளத்தைத் தொழிற்சாலை எந்திரம் இழைத்தபோது மெல்லிய இணைகோடுகள் விழுந்திருக்கும். பழைய நம்பரைத் தேய்த்து அழித்தால் கோடுகளும் போய்விடும். எழுத்து கச்சிதமாக இருந்து கோடு காணோம் என்றால் சந்தேகப்படலாம். எனவே எஞ்சினைக் கழற்றியதும், ரசாயனத்தில் கழுவும் முன்பே அந்தத் தளத்தை நெருக்கமாக ஒரு போட்டோ எடுத்துவிடுகிறார்கள் விவரம் தெரிந்தவர்கள்.

● 1967-ல் தொடங்கிப் பல ஆண்டுகள் தயாரான கார்வெட் கார்களின் பிறப்புச் சான்று பெட்ரோல் டேங்க் தலையில் ஒட்டியிருக்கும்! எந்தக் கலர், எந்த எஞ்சின், என்னென்ன கூடுதல் வசதி என்று தொழிற்சாலை எழுதிய காகிதம் அது. டேங்கைக் கழற்றியவுடன் சுரண்டித் துடைத்துவிட்டால் போயிற்று. வேறு சில அமெரிக்கக் கார்களில் இதே மாதிரித் தாள் சீட்டின் ஸ்பிரிங்குக்குள் கிடைத்திருக்கிறது. பழைய சீட்டைத் தூக்கிப் போடும் முன் கைவிட்டுப் பாருங்கள்.

● காகிதம் ஒன்றும் இல்லையா? கம்பெனியைக் கேட்கலாம். ஜாகுவார் கார்களுக்கு ஜாகுவார் டெய்ம்லர் ஹெரிடேஜ் டிரஸ்ட்டும், எம்ஜி போன்ற பிரிட்டிஷ் கார்களுக்கு கெய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியமும் பழைய பதிவேட்டைப் பார்த்துச் சான்று தருகின்றன. ஃபெராரி இன்னும் ஒரு படி மேலே போய், காரையே பரிசோதித்து அசல்தானா என்று சொல்லும்.

● ஒவ்வொரு பாகமாக மாற்றிக்கொண்டே போனால் அது பழைய கார்தானா? 1990-ல் லண்டன் உயர் நீதிமன்றம் இந்தக் கேள்விக்குத் தீர்ப்பே சொன்னது. 1929, 1930 லெ மான் பந்தயங்களை வென்ற 'ஓல்ட் நம்பர் ஒன்' என்னும் பென்ட்லி காரை 1 கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்ட கம்பெனி, பந்தயத்தில் ஓடிய பாகங்கள் இதில் இல்லையே என்று பின்வாங்கியது. அன்றைய பாகங்கள் மிகக் குறைவுதான் என்பதை நீதிபதியும் ஏற்றார். ஆனால் எந்தக் கட்டத்திலும் இந்தக் கார் கலைக்கப்பட்டு வேறொன்று அதன் இடத்தில் வரவில்லை; வரலாறு அறுபடாமல் தொடர்கிறது. எனவே அந்தப் பெயருக்கு இதற்கு உரிமை உண்டு என்பது தீர்ப்பு.

● நம்பர் முதலில், கார் 50 வருடம் கழித்து! ஜாகுவார் 1963-ல் 'லைட்வெயிட் இ-டைப்' பந்தயக் கார்கள் 18 கட்டத் திட்டமிட்டு 12 மட்டுமே கட்டியது. மிச்சமிருந்த ஆறு சேஸிஸ் நம்பர்களுக்கு 2014-ல் கார் கட்ட முன்வந்தது.

● அளவுக்கு மீறிப் பளபளத்தாலும் மார்க் போகும். கார்வெட் ரெஸ்டோரர்களின் அமெரிக்கச் சங்கமான என்சிஆர்எஸ், தொழிற்சாலையிலிருந்து எப்படி வந்ததோ அப்படி இருக்கிறதா என்றுதான் பார்க்கும். 'டாப் ஃபிளைட்' விருதுக்கு 94 சதவீதம் வேண்டும். அந்தக் காலத்துப் பெயின்டிங்கில் சொரசொரப்பு இருந்தால் இப்போதும் இருக்க வேண்டும்!

● பெயின்டுக்கு அடியில் பட்டி எவ்வளவு பூசியிருக்கிறது என்பதைத் துணி சுற்றிய சின்னக் காந்தம் காட்டிக்கொடுக்கும். இரும்புத் தகடு என்றால் ஒட்டும். பட்டி தடித்த இடத்தில் வழுக்கும். கார்வெட்டில் இந்த வித்தை பலிக்காது. அதன் பாடி ஃபைபர்கிளாஸ். உங்கள் காரில் பட்டி இல்லை என்று காட்ட, பெயின்டுக்கு முன் வெறும் தகடாக நிற்கும்போது எடுத்த போட்டோவைவிட வலுவான சாட்சி கிடையாது.

● ரெஸ்டோர் வேலை நடக்கும்போதும் இன்ஷூரன்ஸ் வேண்டும். பாடி ஒரு ஷெட்டில், எஞ்சின் இன்னொரு இடத்தில், பம்பர் குரோம் பூசும் கடையில் என்று கார் சிதறிக்கிடக்கும் நேரம் அது. வெளியிடத்தில் உள்ள பாகங்களுக்கும் பாலிசி செல்லுமா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வேலை முடிந்ததும் புதிய மதிப்பீடு செய்து தொகையை உயர்த்தாவிட்டால், கிளெய்ம் வரும்போது துருப்பிடித்த காரின் விலைதான் கிடைக்கும்.

● பில், போட்டோ, மதிப்பீட்டுச் சான்று எல்லாவற்றையும் கார் நிற்கும் ஷெட்டிலேயே வைப்பவர்கள் உண்டு. தீப்பிடித்தால் காரும் போகும், கார் இருந்ததற்கான சாட்சியும் போகும். ஒரு நகல் வேறு வீட்டில் இருக்கட்டும்.

● கழற்றிய அசல் பாகங்களைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். விரிசல் விட்டதால் ஒதுக்கிய எஞ்சின் பிளாக்கிலும் காரின் நம்பர் இருக்கும். காரை விற்கும்போது அதையும் கூடவே கொடுத்தால் விலை கூடும். அது காயலான் கடையில் போய்ச் சேர்ந்தால், அந்த நம்பரை வைத்து யாரோ உங்கள் காருக்கு ஒரு போலி தயாரிக்க வழி பிறக்கும்.