நூறு வாட்ஸ் பல்பு வெளிச்சத்தில் ஓர் ஆஸ்பத்திரி!

ஜவ்வாது மலைக்குப் போயிருக்கிறீர்களா? போளூரில் பஸ் ஏறினால் வளைந்து வளைந்து ஜமுனாமரத்தூர் போய்ச் சேரும். பீமன் அருவி பார்க்கப் போகிறவர்கள்தான் அதிகம். நான் போவது கடுக்காய்க்கும் தேனுக்கும்! பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்த நாளிலிருந்தே மலைச்சரக்கு என்றால் எனக்கு ஒரு கிறுக்கு.

ஒருமுறை ஒரு பாட்டி, இடுப்பில் பேரனோடு வந்து நின்றார். "ரெண்டு நாளா வயித்தால போவுதுங்க ஐயா. தண்ணி குடுத்தா இன்னும் போவுமேன்னு குடுக்கல. ஏதாச்சும் வேர் இருந்தா குடுங்க."

குழந்தைக்குக் கண் குழிந்து, நாக்கு காய்ந்து கிடந்தது. என் பையில் சூரணங்கள் இருந்தன. அந்த நேரத்துக்கு வேண்டியது அவை அல்ல. உப்பு சர்க்கரைத் தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டிக்கொண்டே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பையன் பிழைத்துக்கொண்டான்.

இதே மலையாளிப் பழங்குடி மக்கள் தெற்கே சித்தேரி, கல்வராயன் மலைகளிலும் இருக்கிறார்கள். அந்த இரண்டு மலைகளுக்கும் நடுவே, தருமபுரி மாவட்டத்தில், சிட்லிங்கி என்று ஒரு பள்ளத்தாக்கு. 1990-களின் தொடக்கத்தில் அங்கே பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை! பெரிய வைத்தியம் வேண்டுமென்றால் அரூர் போகவேண்டும். கிட்டத்தட்ட 48 கிலோமீட்டர்.

அங்கே 1993-ல் போய் உட்கார்ந்தவர்கள் டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா ரெஜி தம்பதி. கேரளத்தில் படித்து, காந்திகிராமத்தில் வேலை பார்த்தவர்கள். 'டிரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ்' என்ற தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஊர் மக்கள் கட்டிக் கொடுத்த குடிசைதான் ஆஸ்பத்திரி. ஒரு மர பெஞ்சு, ஒரு நூறு வாட்ஸ் பல்பு. பிரசவம், ஆபரேஷன் எல்லாம் அதில்தான். பிற்பாடு அது முழு ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. குழந்தை மரணம் ஆயிரத்துக்கு இருபதை ஒட்டி இறங்கியது.

இரண்டு டாக்டர்களால் மட்டும் இது நடக்குமா? நடக்காது. ஊர்ப் பெண்களுக்கே நர்ஸ் வேலை கற்றுக் கொடுத்தார்கள். பல ஊர்களில் ஊராரே தேர்ந்தெடுத்த நடுத்தர வயதுப் பெண்கள் சுகாதாரப் பணியாளர் ஆனார்கள். எங்கள் வைத்தியத்தில் அனுபானம் என்போம். மருந்து சரியாக இருந்தாலும், தேனா, நெய்யா, வெந்நீரா, எதில் குழைத்துத் தருகிறோம் என்பதில் பாதி பலன் இருக்கிறது. சிட்லிங்கிக்கு அந்தப் பெண்கள்தான் அனுபானம். வெளியூர் டாக்டர் சொன்னால் தலையாட்டுவார்கள். சொந்த ஊர் அத்தை சொன்னால் செய்வார்கள்!

ஆஸ்பத்திரியோடு விடவில்லை. விவசாயிகள் சேர்ந்து இயற்கை விவசாயச் சங்கம் வைத்தார்கள். சிறுதானியம் மறுபடி வயலுக்கு வந்தது. லம்பாடிப் பெண்கள் மறந்துகொண்டிருந்த தையல் வேலை 'போர்கை' என்ற பெயரில் வருமானமாயிற்று. பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் 'துளிர்' என்ற தனி அமைப்பு கல்வியும் கைத்தொழிலும் சொல்லித் தந்தது. வீட்டில் சோறும் காசும் இல்லாமல் டானிக் மட்டும் எழுதிக் கொடுத்து என்ன பயன், சொல்லுங்கள்?

சரி, அந்தப் பாட்டி செய்த தவறு மலையில் மட்டும் நடப்பதா? சென்னையிலும் மதுரையிலும், படித்த அம்மாக்களே, பேதியானால் தண்ணீரை நிறுத்துகிறார்கள்! நிறுத்தாதீர்கள். கடையில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கிடைக்கும். இல்லையென்றால் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில், தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடவே கூடாது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அதை நிறுத்த வேண்டாம். சற்றுப் பெரிய குழந்தை என்றால் நொய்க்கஞ்சி கொடுக்கலாம்.

மலத்தில் ரத்தம், விடாத வாந்தி, சிறுநீர் குறைவது, குழந்தை துவண்டு கிடப்பது... இதில் எது தெரிந்தாலும் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சூரணம் கேட்டு என்னைத் தேடி வராதீர்கள்!