கட்டியின் பசியை அளக்கலாம், தெரியுமா?

இரண்டு பேருக்குத் தொடையில் கட்டி. இரண்டும் ஒரே அளவு, இரண்டும் சர்கோமா. ஒன்று அறுத்து எடுத்ததோடு போய்விடும். இன்னொன்று நுரையீரலுக்குத் தாவிவிடும். எது எப்படி என்று தடவிப் பார்த்தால் தெரியுமா? ஊஹூம். அதற்குச் சர்க்கரை கொடுத்துப் பார்க்க வேண்டும்!

தசை, கொழுப்பு, எலும்பு போன்றவற்றில் முளைக்கும் புற்றுநோய்தான் சர்கோமா. பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் இதன் பங்கு சுமார் 1 சதவீதம்தான். ஆனால் அந்த ஒன்றுக்குள் 50-க்கும் மேற்பட்ட வகைகள்! சில சாது, சில ராட்சசன்.

புற்றுநோய் செல்கள் குளுக்கோஸை அள்ளி அள்ளி விழுங்குகின்றன என்று 1920-களிலேயே கண்டு சொன்னவர் ஜெர்மனியின் ஓட்டோ வார்பர்க். அந்தப் பேராசையையே தூண்டிலாக்கியதுதான் பெட் ஸ்கேன். குளுக்கோஸில் ஒரு மூலையை மாற்றி, கதிரியக்க ஃப்ளூரின்-18 அணுவை ஒட்டவைக்கிறார்கள். பெயர் எஃப்.டி.ஜி. செல் இதை நிஜச் சர்க்கரை என்று நம்பி உள்ளே இழுக்கும், முதல் நொதியும் ஏமாந்து வேலையைத் தொடங்கும். அதோடு சரி! தொண்டையில் சிக்கிய மீன்முள் மாதிரி, விழுங்கவும் முடியாது, துப்பவும் முடியாது.

சிக்கிய இடத்திலிருந்து பாசிட்ரான் கிளம்புகிறது. சாட்சாத் எதிர்ப்பொருள், அறிவியல் புனைகதையில் வருமே, அதுவேதான்! பக்கத்து எலக்ட்ரானோடு மோதி இரண்டும் மறைய, இரண்டு காமாக் கதிர்கள் நேரெதிர்த் திசைகளில் பாயும். அவற்றைப் பிடித்துப் பின்னோக்கிக் கோடு போட்டால், பசித்த இடம் படத்தில் பளிச்!

1976 ஆகஸ்டில் எஃப்.டி.ஜி. முதன்முதலாக மனிதருக்கு ஏற்றப்பட்டபோது ஒரு ஓட்டப்பந்தயமே நடந்தது. தயாரித்தது நியூயார்க் பக்கம் புரூக்ஹேவன் ஆய்வகம், ஊசி போட்டது பிலடெல்பியாவில். 110 நிமிடத்துக்கு ஒருமுறை கதிரியக்கம் பாதியாகிவிடுமே! விமானத்தில் பறந்து வந்தது மருந்து. அன்று பார்த்தது புற்றுநோயை அல்ல, மூளையை.

சர்கோமாவுக்கு வருவோம். சியாட்டிலில் ஜேனட் ஈரி குழு 209 நோயாளிகளின் படங்களை ஆராய்ந்து 2002-ல் வெளியிட்டது: சிகிச்சைக்கு முன்பே கட்டி எவ்வளவு சர்க்கரை இழுக்கிறது என்பதை வைத்து, யாருக்கு ஆபத்து அதிகம் என்று கணிக்க முடிந்தது! 2008-ல் 238 பேரை வைத்து இன்னொரு ஆச்சரியம். எவ்வளவு தின்கிறது என்பது மட்டுமல்ல, எப்படித் தின்கிறது என்பதும் பேசுகிறது. ஒரே கட்டிக்குள் ஒரு மூலை கொழுந்துவிட்டு எரிய, இன்னொரு மூலை அணைந்து கிடந்தால், அந்தத் தாறுமாறே கெட்ட சகுனம். (சகுனம் என்றுதான் சொல்கிறேன், ஜாதகம் என்று அல்ல. கூட்டத்தின் கணக்கு தனி ஒருவருக்கு நாள் குறித்துத் தராது.)

மருந்து வேலை செய்கிறதா என்பதையும் பசியே முதலில் சொல்லிவிடும். 2000-ல் பின்லாந்தில் ஒரு பெண்மணிக்கு, வயிற்றில் தோன்றிக் கல்லீரலுக்குப் பரவிய ஜிஸ்ட் எனும் சர்கோமாவுக்கு, இமாட்டினிப் மாத்திரை கொடுத்தார்கள். ஒரு மாதத்தில் எம்.ஆர்.ஐ.யில் கட்டிகள் சுருங்கியும் இன்னும் இருந்தன. பெட் படத்திலோ விளக்கு அணைந்திருந்தது!

ஆனால் மின்னுவதெல்லாம் புற்றுநோய் அல்ல. ஸ்கேனுக்கு முன் வளவளவென்று பேசினால் குரல்வளைத் தசையும் மின்னும், தெரியுமா? குளிரில் நடுங்கினால் கழுத்துப் பக்கத்துப் பழுப்புக் கொழுப்பு மின்னும். மூளை எப்போதுமே மின்னும், அது பிறவிச் சர்க்கரைப் பிரியர். சாதாரண வீக்கமும் சில சமயம் புற்றுநோய் வேஷம் கட்டும். இந்தக் குழப்பங்களைக் குறைக்கத்தான் பட்டினி போட்டு, போர்வை போர்த்தி, பேசாமல் படுக்கச் சொல்கிறார்கள்.

செல்லுக்குள் சிக்கிய அந்த மீன்முள் என்ன ஆகும்? ஃப்ளூரின்-18 சிதைந்ததும் ஆக்சிஜன்-18 ஆகிவிடுகிறது. சைக்ளோட்ரான் எனும் துகள் முடுக்கியில் அந்த ஃப்ளூரினை உருவாக்கியதே ஆக்சிஜன்-18 நிறைந்த நீரிலிருந்துதான்! வேஷம் கலைந்து நிஜக் குளுக்கோஸாகிவிட்டதைச் செல் சத்தமில்லாமல் செரித்துவிடும்.