பட்டம் எப்போது வேலைக்கு வழிகாட்டுகிறது?

காஞ்சிபுரம் வட்டாரத்தில் தறியும் தொழிற்சாலையும் கல்லூரியும் அருகருகே உள்ளன. ஏனாத்தூரில் ஸ்ரீ சந்திரசேகரேந்திர சரஸ்வதி விசுவ மகாவித்யாலயம் 1993 முதல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக இயங்குகிறது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998 முதல் கார் தயாரிக்கிறது. ஒரகடத்திலும் வாகன ஆலைகள் பெருகியுள்ளன. இருந்தாலும், ஆலை பக்கத்தில் இருப்பதாலேயே பட்டதாரிக்கு வேலைத்திறன் வந்துவிடாது. அதைத் தருவது கல்வியின் தரம்தான்.

தரத்தை அளக்க இந்தியாவில் இரண்டு முக்கிய அமைப்புகள் உண்டு. 1994இல் தொடங்கிய ‘நாக்’ ஒரு கல்லூரியை முழுமையாக மதிப்பிடுகிறது. ‘என்.பி.ஏ.’ ஒவ்வொரு தொழில்நுட்பப் படிப்பையும் தனித்தனியே ஆராய்கிறது. ஆகவே ஒரே கல்லூரியில் இயந்திரவியல் படிப்புக்கு அங்கீகாரம் இருக்கலாம், மற்றொரு படிப்புக்கு இல்லாமலும் போகலாம். என்ன பாடம் நடத்தப்பட்டது என்பதோடு என்.பி.ஏ. நிற்பதில்லை; படித்து முடித்த மாணவர் எதைச் செய்யத் தெரிந்தவர் என்றும் பார்க்கிறது. 2014இல் இந்தியா என்.பி.ஏ. வழியாக வாஷிங்டன் உடன்படிக்கையில் நிரந்தர உறுப்பினரானது. அந்த உடன்படிக்கையின் வரம்புக்குள் வரும் பொறியியல் படிப்புகளை மற்ற உறுப்பு நாடுகளும் இணையானவையாக ஏற்கின்றன.

வகுப்பறைக்கும் வேலைக்கும் இடையிலுள்ள இடைவெளியைக் குறைப்பவை ஆய்வகம், செயல்திட்டம், தொழிற்பயிற்சி ஆகியவை. சூத்திரம் தெரிந்த மாணவர், ஓடும் எந்திரம் நின்றால் காரணம் தேடக் கற்பது அங்கேதான். 2022இல் தமிழக அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம், தொழில்துறை கேட்கும் திறன்களைக் கல்லூரிப் படிப்போடு சேர்த்துக் கற்பிக்கிறது.

படிப்பும் செய்முறையும் சேர வேண்டும் என்பது பட்டுத் தொழிலுக்கும் பொருந்தும். புடவையின் உடலையும் கரையையும் தனித்தனி நாடாக்களால் நெய்து இணைக்கும் கோர்வை நுட்பம் தறியில் உட்கார்ந்தால்தான் கைவரும். சாயத்தின் வேதியியல், கணினியில் புட்டா வரைதல், சந்தைப்படுத்தல் போன்றவற்றை முறையான படிப்பு தரும். சேலத்திலுள்ள இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் 1960 முதல் இத்துறையில் பயிற்சி அளித்து வருகிறது.

எனவே கல்லூரியைத் தேர்ந்தெடுப்போர் கட்டடத்தையும் விளம்பரத்தையும் மட்டும் நம்பக் கூடாது. சேரவிருக்கும் படிப்புக்கு அங்கீகாரம் நடப்பில் உள்ளதா, துறையில் நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர், ஆய்வகக் கருவிகள் வேலை செய்கின்றனவா, தொழிற்பயிற்சி எங்கே, எத்தனை வாரம் என்று விசாரிக்க வேண்டும். வேலைவாய்ப்புக் கணக்கிலும் அதிகபட்சச் சம்பளம் ஒருவருக்குக் கிடைத்ததாக இருக்கலாம். நடுத்தர மாணவர் பெறும் சம்பளமே படிப்பின் உண்மையான பலனைக் காட்டும்.