இழுப்பு உள்ளவருக்கு எந்த மயக்கம்?

"அம்மாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன். கடுமையான ஆஸ்துமா உண்டு. மயக்கம் கொடுத்தால் தாங்குவாரா?" திண்டுக்கல் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

தாங்குவார், சரியான மயக்கமாக இருந்தால். இங்கே பெரும்பாலும் அஞ்ச வேண்டியது மருந்தை அல்ல, மூச்சுக்குழலுக்குள் இறக்கும் பிளாஸ்டிக் குழாயை. சிறுவனாக இருந்தபோது அப்பாவின் தலையணைக்கடியிலிருந்து சைக்கிள் சாவியை எடுப்பேன். ஆழ்ந்த தூக்கமென்றால் அவருக்குத் தெரியாது. அரைத்தூக்கமென்றால் கை பட்டதுமே பிடித்துவிடுவார். ஆஸ்துமாக்காரரின் மூச்சுக்குழலும் அப்படித்தான். மயக்கம் ஆழமாகும் முன் குழாய் உரசினால் தசைகள் இறுகிக்கொள்ளும்.

எனவே முதுகில் போடும் ஊசியே போதுமென்றால், குழாய்க்கே வேலையில்லை. முழு மயக்கம்தான் வேண்டுமென்றால் பால்போல வெள்ளையான புரோபோஃபால் குழலின் சீற்றத்தை அடக்கும். செவோஃப்ளூரேன் வாயு தூங்கவைப்பதோடு குழலையும் விரிக்கும். அதன் உறவான டெஸ்ஃப்ளூரேன் எரிச்சலூட்டுவதால் இவர்களுக்கு ஆகாது.

எனக்கு வியப்பு அடங்காத மருந்து கீட்டமின். 1962இல் கால்வின் ஸ்டீவன்ஸ் உருவாக்கினார். 1964இல் எட்வர்ட் டோமினோவும் குந்தர் கார்சனும் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நோயாளியின் கண் திறந்திருக்கும், வலி தெரியாது, மூச்சு பெரும்பாலும் தானாகவே ஓடும். உடலின் சொந்த அட்ரினலின் வகைச் சுரப்புகளைத் தூண்டிவிடுவதால் இறுகிய குழலும் தளரும். மூச்சுத்திணறலோடு அவசர அறுவைக்கு வருபவருக்கு இது பெரிய துணை. எச்சில் பெருகும், விழிக்கும்போது சிலருக்குக் கெட்ட கனவு வரும். இரண்டுக்கும் மருந்து உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள இதைப் போதைக்காக உறிஞ்சிச் சிறுநீர்ப்பையைக் கெடுத்துக்கொள்பவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

இன்னொரு வருத்தமும் உண்டு. ஆபரேஷன் தள்ளிப்போய்விடும் என்று பயந்து வீசிங்கை மறைக்கிறோம். இன்ஹேலரை ஏதோ கெட்ட பழக்கம்போல முந்தானைக்குள் ஒளிக்கிறோம். தள்ளிப்போனால் போகட்டும். அந்த நாட்களில் ஸ்டீராய்டு கொடுத்து நுரையீரலைத் தேற்றிவிட முடியும்.

அம்மாவின் இன்ஹேலரை ஆபரேஷன் அன்றும் கையோடு கொண்டுபோங்கள். ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளால் எப்போதாவது இழுப்பு வந்ததா என்று கேட்டு வையுங்கள். மயக்க டாக்டர் கேட்கும்வரை காத்திருக்காமல், நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.