உம்மாவின் பொல்லு யாருடைய அளவு?

உங்கள் வீட்டில் பொல்லு ஊன்றி நடக்கும் மூத்தவர் யாரேனும் இருக்கிறாரா? இருந்தால், அந்தப் பொல்லு எப்படி வீட்டுக்கு வந்தது என்று சற்று நினைத்துப் பாருங்கள். வாப்பா மவுத்தான பின் மூலையில் சாத்திக் கிடந்ததை உம்மா எடுத்துக்கொண்டிருப்பார். அல்லது உம்றாவுக்குப் போய்வந்த மருமகன் கொண்டுவந்து கொடுத்திருப்பார். அல்லது கொழும்பில் இருக்கும் மகன் கடையில் பார்த்து, கைப்பிடி அழகாக இருக்கிறதே என்று வாங்கி அனுப்பியிருப்பார். எல்லாம் அன்பினால் நடந்தவைதாம். ஆனால் வாங்குமுன் உம்மாவை நிற்கவைத்து அளந்தவர் எத்தனை பேர்? பெருநாள் சட்டைக்குத் தோள், கை, இடுப்பு என்று மூன்று தடவை அளவெடுக்கிறோம். உடம்பின் பாரத்தையே தாங்க வேண்டிய பொல்லுக்கு ஒரு தடவையும் எடுப்பதில்லை!

விளையாட்டுக்காரர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிட விவரமானவர்கள். 1973-ஆம் ஆண்டு பம்பாயில் நடந்த போட்டியில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் சாம்பியனாகி நம் நாட்டுக்குப் பெருமை சேர்த்த எம்.ஜே.எம். லாபிர் அவர்களை மூத்த தலைமுறையினர் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஆட்டத்தில் பந்தைத் தட்டும் கோல் பொதுவாக 57, 58 அங்குலம் இருக்கும். ஆனால் ஆடுபவர் கோலை மட்டும் பார்த்து வாங்குவதில்லை. தான் எவ்வளவு உயரம், மேசை மீது எவ்வளவு குனிகிறோம், கோலின் நுனி பந்தைத் தொடும் வேளையில் பின்கை முழங்கைக்குக் கீழே நேராகத் தொங்குகிறதா என்றெல்லாம் பார்ப்பார். உயரம் குறைந்தவரும் சிறுவரும் நீளம் குறைந்த கோலைத் தேடுவார்கள். கோல் பிசகினால் அவருக்கு ஓர் ஆட்டம் போகும். நம் உம்மாவுக்கோ இடுப்பு எலும்பு போகும்.

இது மிகைப்படுத்திச் சொல்வதல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகில் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து உயிரிழக்கிறார்கள். விபத்து மரணங்களில் வீதி விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். அப்படி இறப்பவர்களில் 60 வயதைக் கடந்தவர்களே அதிகம். பெண்களுக்கோ மாதவிடாய் நின்ற பின் எலும்பு அடர்த்தி குறைவதால், சிறு விழுகையே முறிவில் முடிந்துவிடுகிறது.

மூஸா நபியின் அஸா

கைத்தடியைக் கிழத்தனத்தின் அடையாளமாக நினைத்துக் கூச்சப்படும் பெண்கள் நம்மில் உண்டு. சுவரைப் பிடித்துப் பிடித்து நடப்பார்கள், பொல்லை மட்டும் தொட மாட்டார்கள். இவர்களுக்காகத் திருமறையின் 'தாஹா' அத்தியாயத்தை நினைவூட்டுகிறேன். உமது வலக்கரத்தில் இருப்பது என்ன என்று அல்லாஹ் கேட்டபோது, மூஸா (அலை) அவர்கள் அது தமது கைத்தடி என்றும், அதன்மீது சாய்ந்துகொள்வதாகவும், ஆடுகளுக்கு இலை பறித்துப் போடுவதாகவும், தமக்கு அதில் வேறு பயன்களும் உண்டு என்றும் பதிலளித்தார்கள். அவர்கள் அப்போது தள்ளாத கிழவரல்லர்! மன்னார்த் தீவில் ஆடு வளர்க்கும் நம் தாய்மாருக்கு இந்த வசனத்துக்கு விளக்கவுரை தேவையில்லை. 'வேறு பயன்கள்' என்பதற்குப் பட்டணத்துத் தெருவில் வழிமறிக்கும் கழுதைகளை விரட்டுவதையும் அவர்கள் சேர்த்துக்கொள்வார்கள்.

ஆனால் இங்கே ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். ஜும்ஆவில் மோதினார் எடுத்துக் கொடுக்க, கத்தீப் கையில் வாங்கிக்கொண்டு மிம்பரில் ஏறும் அஸாவைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். நபி (ஸல்) அவர்கள் ஜும்ஆ உரையின்போது கைத்தடியிலோ வில்லிலோ ஊன்றி நின்றார்கள் என்ற ஹதீஸ் அபூதாவூதில் இருக்கிறது. நமது ஷாபிஈ மத்ஹபின் நூல்கள் அதை இடக்கையில் பிடிக்கச் சொல்கின்றன. அந்த அஸா உயரமானது. ஏனெனில் அது ஒரே இடத்தில் நிற்பதற்கான கோல். நடப்பதற்கான கோல் வேறு. மிம்பரில் பார்த்ததையே மனதில் வைத்து நெஞ்சளவு உயரத்தில் பொல்லு செய்து பெரியவர்களிடம் கொடுப்பது சரியல்ல.

நீளம் கூடிய பொல்லு என்ன செய்யும்? அதைப் பிடிக்கும் தோள் மேலே தூக்கிக்கொள்ளும். முழங்கை அதிகம் மடிந்திருப்பதால் கையால் கீழே அழுத்த முடியாது. பொல்லு கூடவே வருமே தவிர, பாரத்தை வாங்காது. சில நாளில் கழுத்தும் தோளும் நோகும், அதையும் வயதுக் கோளாறு என்று தைலம் தேய்ப்போம். குறைந்த பொல்லோ உடம்பை ஒரு பக்கமாகச் சரித்துவிடும், முதுகை வளைத்துவிடும்.

அளக்கும் முறை

உங்கள் தையல் மெஷின் பெட்டியில் இருக்கும் டேப் போதும். உம்மா வழக்கமாகப் போடும் செருப்பைப் போடச் சொல்லுங்கள். சமமான சிமெந்துத் தரையில், அவரால் இயல்பாக எப்படி நிற்க முடியுமோ அப்படி நிற்கட்டும். இரு கைகளும் தளர்வாகத் தொங்கட்டும். விழாமல் இருக்க இன்னொருவர் பக்கத்தில் நில்லுங்கள். மணிக்கட்டின் உட்புறத்தில், காப்புப் போடும் இடத்துக்குச் சற்றுக் கீழே, கை மடங்கும் இடத்தில் ஒரு கோடு தெரியும். தரையிலிருந்து அந்தக் கோடு வரைக்கும் உள்ள உயரமே பொல்லின் நீளம், கைப்பிடியின் மேற்புறமும் அடி றப்பரும் உட்பட. பொல்லை ஊன்றிப் பிடித்ததும் முழங்கை இலேசாக மடிந்திருக்க வேண்டும், 15 முதல் 20 பாகை வரை.

'ஆள் உயரத்தில் பாதி' என்று சிலர் கணக்குச் சொல்வார்கள். நிமிர்ந்து நிற்பவருக்கு அது ஏறத்தாழப் பொருந்தும். கூனிய முதுகுக்குப் பொருந்தாது. வயதாக ஆக முதுகெலும்பு வளைந்து ஆள் குறுகுகிறார், ஆனால் கை குறுகுவதில்லை. ஆகவே அடையாள அட்டை எடுத்த காலத்து உயரமும் வேண்டாம், 'நிமிர்ந்து நில்லுங்க உம்மா' என்று அதட்டி எடுக்கும் உயரமும் வேண்டாம். அவர் இன்றைக்கு நிற்கும் நிலையில் மணிக்கட்டு எங்கே வருகிறதோ அதுவே அளவு. வருடத்துக்கு ஒரு தடவை, நோன்புப் பெருநாளுக்கு உடுப்பு அளக்கும்போது இதையும் அளந்து பாருங்கள்.

பக்கத்தில் துளைகளும் ஒரு பொத்தானும் வைத்து உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் அலுமினியப் பொல்லாக இருந்தால் வேலை எளிது. பொத்தான் துளைக்குள் முழுதாக வெளியே வந்து நிற்கிறதா என்று மட்டும் விரலால் தடவிப் பாருங்கள்.

வாப்பாவின் பொல்லு

மரப் பொல்லென்றால் அறுக்க வேண்டும். இங்கேதான் வீட்டில் பேச்சு வரும். "வாப்பா பிடித்த பொல்லை அறுக்கிறதா?" என்று மூத்த மகன் முகம் சுளிப்பார். உம்மாவுக்கே மனம் வராது. ஆறடி மனிதரின் பொல்லை ஐந்தடிக்கும் குறைந்த பெண் தோளுக்கு மேலே பிடித்து இழுத்துக்கொண்டு நடப்பதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். கணவரின் நினைவு பெரியதுதான், மறுக்கவில்லை. ஆயினும் மனிதரைத் தாங்காத பொல்லைச் சுவரில் மாட்டி வைத்துவிட்டு, அளவான ஒன்றை வாங்கிக் கொடுப்பதே நல்லது. அறுப்பதென்று முடிவு செய்தால் ஒரு வார்த்தை: மவுத்தானவரின் பொல்லும் அவர் விட்டுச்சென்ற சொத்தில் சேர்ந்ததே. வாரிசுகள் எல்லோரும் மனமொத்துக் கொடுத்துவிட்டால் உம்மாவுக்கும் நிம்மதி, அறுப்பவருக்கும் நிம்மதி.

அறுக்கும்போது அடி றப்பரைக் கழற்றிவிட்டுப் பொல்லைத் தலைகீழாக, கைப்பிடி தரையில் படும்படி உம்மாவின் பக்கத்தில் நிறுத்துங்கள். மணிக்கட்டுக் கோட்டுக்கு நேரே அடையாளமிட்டு, றப்பரின் தடிப்பையும் கழித்துக்கொள்ளுங்கள். முதலில் அரை அங்குலம் கூடவே விட்டு அறுத்து, நடக்கவைத்துப் பாருங்கள். அறுத்ததை ஒட்ட முடியாது. அப்படியே மரத்தைக் கறையான் அரித்திருக்கிறதா என்றும் தட்டிப் பாருங்கள். 'ஸபா' அத்தியாயத்தில் சுலைமான் (அலை) அவர்கள் சாய்ந்திருந்த கோலைப் பூச்சி அரித்த செய்தியை ஓதியவர்கள் தாமே நாம்!

எந்தக் கையில்?

நோவுள்ள காலுக்கு எதிர்ப்புறக் கையில். வலது முழங்கால் நோவென்றால் பொல்லு இடக்கையில். பெரும்பாலானோர் இதை மாற்றித்தான் பிடிக்கிறார்கள். நோவுள்ள காலில் நிற்கும் அந்தக் கணத்தில் உடம்பு மறுபக்கம் சரியப் பார்க்கிறது. அந்தப் பக்கத்தில் பொல்லு இருந்தால்தான் தாங்கும். நாம் நடக்கும்போது வலது காலுடன் இடது கை முன்னே வருவது அல்லாஹ் அமைத்த இயல்பு, பொல்லும் அந்தத் தாளத்திலேயே போகட்டும். படியேறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது பொல்லும் நோவுள்ள காலும் முதலில்.

மணலில் நடப்பது

1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது முப்பது வயதில், பிள்ளையை இடுப்பில் சுமந்து கற்பிட்டிக் கரையில் இறங்கிய எருக்கலம்பிட்டித் தாய்மார் இன்று அறுபத்தைந்து வயதை எட்டிவிட்டார்கள். 2009-இல் போர் முடிந்தபின் ஊர் திரும்பியவர்கள் உண்டு. புத்தளத்தில் ஒரு பிள்ளை, மன்னாரில் ஒரு பிள்ளை என்று இரண்டு வீட்டுக்கும் பஸ்ஸில் போய்வருகிறவர்களும் உண்டு. அங்கே சிமெந்துத் தரையில் பழகிய பொல்லு இங்கே நம் மணலில் ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் புதைந்துவிடுகிறது. அதாவது ஒவ்வோர் அடியிலும் பொல்லு குட்டையாகிறது, உம்மா முன்னே சாய்கிறார். இதற்காக நீளத்தைக் கூட்டிவிடாதீர்கள், வீட்டுத் தரையில் அது ஆபத்து. அடியில் அகன்ற றப்பராகப் போடுங்கள். படலையிலிருந்து வாசற்படி வரை கிரவல் கொட்டி இறுக்கிவிடுங்கள். அதுவும் முடியாத ஒழுங்கையில் உங்கள் கையைக் கொடுங்கள். சில்லு வைத்த நடைவண்டியை மணலில் தள்ளச் சொல்லாதீர்கள், அது வீட்டுக்குள்ளே மட்டும்தான் உதவும்.

றப்பரின் அடியிலுள்ள வரிகள் தேய்ந்து மழுங்கிவிட்டால் மாற்ற வேண்டும். விலை சொற்பம். ஈரமான குளியலறைத் தரையில் மழுங்கிய றப்பர் சவர்க்காரம் போல வழுக்கும். வுளூச் செய்யும் பைப்படியில் பொல்லைச் சாத்தி வைத்தால் சரிந்துவிடும். அதைத் தொங்கவிட ஒரு கொக்கியும், கை பிடித்துக்கொள்ளச் சுவரில் உறுதியான இரும்புப் பிடியும் அடித்துக் கொடுங்கள். வெளியே போய்வந்த பொல்லின் அடியைக் கழுவிவிட்டால் தொழும் பாயருகே வைக்கத் தயங்க வேண்டியதில்லை.

தொழுகையில் பொல்லை ஊன்றி நிற்கலாமா என்று பெண்கள் கேட்கிறார்கள். நபி (ஸல்) அவர்கள் வயது முதிர்ந்து உடல் கனத்தபோது தொழுமிடத்தில் ஒரு தூணை வைத்து அதில் ஊன்றிக்கொண்டார்கள் என்று உம்மு கைஸ் (ரலி) அறிவித்த செய்தி அபூதாவூதில் உள்ளது. தேவையிருப்பவர் ஊன்றிக்கொள்ளலாம். அதுவும் சிரமமானால் உட்கார்ந்து தொழ மார்க்கம் இடம் தந்திருக்கிறது. இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களின் ஹதீஸ் புகாரியில் பிரசித்தமானது.

திடீரெனத் தடுமாற்றம் வந்தாலோ, சீனி வியாதியால் பாதம் மரத்திருந்தாலோ, புதிய மாத்திரை தொடங்கியபின் தலை சுற்றினாலோ பொல்லு மருந்தாகாது. டாக்டரிடம் காட்டுங்கள். ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பிரிவு இருந்தால் பொல்லையும் கையோடு கொண்டுபோய் அளவைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

இரவில் பொல்லைக் கதவுக்குப் பின்னால் வைக்காதீர்கள். தஹஜ்ஜுதுக்கோ வெளிக்கோ எழும் உம்மா, பொல்லை எடுக்கப் போகும் அந்த நான்கு எட்டிலேயே விழலாம். கட்டிலின் தலைமாட்டில், படுத்தபடியே கை எட்டும் இடத்தில் மாட்டுங்கள். காலையில் அறை பெருக்கும்போது எடுத்தால், பெருக்கி முடித்ததும் திரும்ப அங்கேயே மாட்டிவிடுங்கள்.