பிள்ளைக்கும் வேணும் பச்சை
(வானொலி உழவர் நிகழ்ச்சியில் பேசியது)



கோடையில் வெறும் வைக்கோலையே தின்கிற கன்றுக்குட்டிக்குச் சளியும் கழிச்சலும் சீக்கிரம் பிடிக்கும். "பச்சைத் தீவனம் போட்டாத்தான் தேறும்" என்று நாமே சொல்வோம். வீட்டுப் பிள்ளைக்கும் இதே கதைதான். வைக்கோலில் இல்லாத வைட்டமின் 'ஏ' சத்து, வெறும் அரிசிச் சோற்றிலும் இல்லை.

இந்தச் சத்து குறைந்தால் மாலைக்கண் வரும் என்பது பலருக்கும் தெரியும். ஆனால் கண் கெடுவதற்கு முன்பே நோயை எதிர்க்கும் சக்தி குறைய ஆரம்பித்துவிடும். மூக்கு, தொண்டை, நுரையீரல், குடல் ஆகியவற்றின் உட்புறம் ஈரமான மெல்லிய சவ்வு இருக்கிறது. கிருமி உள்ளே புகாமல் வேலி போலக் காப்பது அதுதான். வைட்டமின் 'ஏ' இல்லாவிட்டால் சவ்வு வறண்டு, வேலியில் ஓட்டை விழுகிறது. கிருமியோடு போராடும் ரத்த வெள்ளை அணுக்களும் பலம் இழக்கின்றன. அப்புறம் பேதியும் தட்டம்மையும் உயிருக்கே ஆபத்தாகலாம்.

இது வெறும் பேச்சல்ல. திருச்சி மாவட்டத்தில், இந்தச் சத்துக்குறைவு மிகுந்திருந்த கிராமங்களில், சுமார் 15,000 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 1990-இல் வெளியானது. வாராவாரம் சிறிதளவு வைட்டமின் 'ஏ' பெற்ற குழந்தைகளிடையே, பெறாதவர்களைவிட இறப்பு பாதிக்குமேல் குறைந்திருந்தது.

சரி, நாம் செய்ய வேண்டியது என்ன? பிள்ளை பிறந்ததும் சுரக்கும் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டாமல் கொடுங்கள். அதில் இந்தச் சத்து நிறைய உண்டு. வளர்ந்த பிள்ளைக்கு முருங்கைக்கீரை, பரங்கிக்காய், பப்பாளி, மாம்பழம், முட்டை கொடுங்கள். கீரையை வெறுமனே வேகவைத்தால் போதாது. இந்தச் சத்து எண்ணெயில்தான் கரையும். ஆகவே கொஞ்சம் எண்ணெய் விட்டு வதக்கி, மசித்து, சோற்றில் பிசைந்து ஊட்டுங்கள். கீரையை உலர்த்துவதானால் வெயிலில் போடாமல் நிழலில் உலர்த்துங்கள்.

ஒன்பதாம் மாதம் முதல் 5 வயது வரை, 6 மாதத்துக்கு ஒருமுறை, கிராம சுகாதார நர்ஸ் வைட்டமின் 'ஏ' திரவம் கொடுப்பார். அதைத் தவறவிடாதீர்கள். கூடுதலாக் கொடுத்தா நல்லதுன்னு கடையில் வாங்கி ஊற்றாதீர்கள். மிஞ்சினால் ஈரலைக் கெடுக்கும். கீரையில் அந்தப் பயம் இல்லை.

கிணற்றடி முருங்கையைக் காய்க்கு மட்டும் என்று விட்டுவிடாமல், வாரம் மூன்று நாளாவது ஒரு கொத்து ஒடித்து அடுப்படிக்குக் கொண்டுபோங்கள்.