கணினி நேரம் கேட்கும் முறை

ஆய்வகக் கணினியின் தேதி பல ஆண்டுகள் பின்தங்கினால், இணைப்பு நன்றாயிருந்தும் பாதுகாப்பான இணையதளங்கள் திறக்கா. தளத்தின் சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கே வரவில்லை எனக் கணினி எண்ணிவிடும்.

யுனிக்ஸ் வகைக் கணினிகளில் நேரத்தைச் சீராக்குவது என்.டி.பி. நெறிமுறை, டேவிட் மில்ஸ் உருவாக்கியது, 1985இல் வெளிவந்தது. இதன் கணக்கை எட்டாம் வகுப்பிலேயே போட்டுக் காட்டலாம். நம் கணினி தன் கடிகாரப்படி 10:00:00க்கு நேரம் கேட்கிறது. சேவையகக் கடிகாரத்தில் கேள்வி சேர்வது 10:05:02, பதில் கிளம்புவது 10:05:03. நம் கடிகாரப்படி பதில் வருவது 10:00:05. போகையில் வேறுபாடு 302 நொடி, வருகையில் 298. சராசரி 300, அதாவது நாம் 5 நிமிடம் பின்தங்கியுள்ளோம். பயணத்தின் 2 நொடி ஒருபுறம் கூடி, மறுபுறம் கழிந்துவிடுகிறது. (மாணவர்கள் இந்த இடத்தில்தான் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.) போகவும் வரவும் சமநேரம் ஆகாவிட்டால் விடை பிசகும்.

வழக்கமான அமைப்பில், வேறுபாடு 0.128 நொடிக்குள் இருந்தால் கடிகாரம் மெல்ல நகர்த்தப்படும். மிஞ்சினால் ஒரே தாவல். 1000 நொடியைத் தாண்டினாலோ, நிரல் நம்ப மறுத்து நின்றுவிடும். எங்கள் ஆய்வகத்தில் தாய்ப்பலகை மின்கலம் தீர்ந்த கணினிக்கு நேர்ந்தது இதுவே. மின்கலத்தை மாற்றி, தேதியை ஒருமுறை கையால் அமைத்த பிறகு அது தானாகவே நேரம் காக்கிறது.